கர்ப்பகாலச் சர்க்கரை: ஒரு குத்தலா, மூன்று குத்தலா?

முதல் பிரசவத்தில் நான்கு கிலோ எடையுள்ள குழந்தையைப் பெற்றவர். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இப்போது 33 வயதில் இரண்டாவது முறையாகக் கருவுற்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்போம் என்று கிராம சுகாதார செவிலியர் சொல்கிறார். டவுனில் அவர் காட்டும் மகப்பேறு மருத்துவரோ, வெறும் வயிற்றோடு வந்து மூன்று முறை ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதித் தருகிறார். அந்தச் சீட்டைப் பார்த்த பரிசோதனை நிலைய ஊழியர், “இதுக்கு ஏம்மா இவ்வளவு அலைச்சல், மூணு மாசச் சராசரி எடுத்தாப் போதுமே” என்கிறார். மூவரும் தேடச் சொல்வது ஒரே நோயைத்தான். ஆனால் மூன்று சோதனைகளும் ஒரே பெண்ணுக்கு ஒரே விடையைத் தரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்படிப்பட்டவரைத் தாய்சேய் நல அட்டையில் ‘ஹை ரிஸ்க்’ என்று குறித்துவிடுவார்கள். முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சர்க்கரை உள்ளவர்கள், கருவுறும் முன்பே எடை கூடியிருந்தவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்குச் சிகிச்சை பெற்றவர்கள், காரணம் தெரியாமல் வயிற்றிலேயே குழந்தையை இழந்தவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலைப் பார்த்தால், தெற்காசிய வம்சாவளியில் பிறந்திருப்பதே தனியொரு ஆபத்துக் காரணியாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. அந்தக் கணக்குப்படி நம் ஊர்க் கர்ப்பிணிகள் எல்லோருமே ஏதோ ஓர் அளவில் ‘ரிஸ்க்’ உள்ளவர்கள்தான். தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும், சிறுநகரங்களில் 13.8 சதவீதம் பேருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை காணப்பட்டது. பட்டணத்துப் பெண்களுக்கு வரும் நோய் என்று கிராமத்தார் ஒதுக்கிவிட முடியாத எண்கள் இவை.

சோதனை செய்யாமல் இதைக் கண்டுகொள்ள முடியாது. தாகம், அசதி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை கர்ப்பிணிகள் எல்லோருக்கும் உள்ளவையே என்பதால், அவற்றை வைத்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நச்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. இந்தத் தடை கர்ப்பத்தின் பிற்பாதியில் கூடிக்கொண்டே போகும். அதற்கு ஈடாக இன்சுலினைக் கூட்டிச் சுரக்க முடியாத பெண்ணுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை எட்டும், ஆனால் இன்சுலின் கடக்காது. ஆகவே குழந்தையின் கணையமே வேலையை ஏற்றுக்கொண்டு அளவுக்கு மேல் இன்சுலினைச் சுரக்க, குழந்தை தோளிலும் வயிற்றிலும் கொழுத்து வளர்கிறது. தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்வதும், தொப்புள்கொடியை வெட்டிய சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுவதும் இதனால்தான்.

முதலில், செவிலியர் சொன்ன ஒற்றைச் சோதனை. இதற்கு ‘டிப்சி’ முறை என்று பெயர். கர்ப்பகால நீரிழிவை ஆராயும் இந்தியக் குழு ஒன்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. இம்முறையை முன்னின்று வளர்த்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைக் கட்டியெழுப்பியவரும் 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான டாக்டர் வி. சேஷய்யா. தமிழ்நாடு அரசு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. மத்திய சுகாதார அமைச்சகம் பின்னர் 2014-இலும் 2018-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இதே ஒற்றைச் சோதனையை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை டெசி லிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது கர்ப்பகாலச் சர்க்கரை. பதிவு செய்ய வரும் முதல் நாளிலேயே ஒரு முறையும், அதில் ஒன்றும் இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த முறையின் அருமை புரியும். பொட்டலத்தைப் பிரித்து எவர்சில்வர் டம்ளரில் கொட்டி, ஏறத்தாழ 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தருகிறார்கள். விவரம் தெரிந்த அத்தையோ அம்மாவோ வீட்டிலிருந்தே அரை மூடி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அதில் பிழிந்துவிடுகிறார். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடித்து முடித்த நேரத்தைச் செவிலியர் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிடுகிறார். சீட்டில் எழுதினால் தொலைந்துபோகும், கை தொலையாது. குமட்டிக்கொண்டு வாந்தி எடுத்தால், அது அரை மணி நேரத்துக்குள் நடந்ததா என்பதே கேள்வி. அரை மணிக்குள் என்றால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும்; அதற்குப் பிறகு என்றால் சோதனையைத் தொடரலாம். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறி வந்தவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ‘வெறும் வயிற்றில் நாளைக்கு வா’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த நாளைக்குத் திரும்பி வருவார்கள் என்பதைக் களத்தில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் கைக்குழந்தையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வர வேண்டியவரும் இரண்டாம் முறை வருவது சுலபமில்லை.

ஆனால், சாப்பிட்ட வயிற்றிலும் வெறும் வயிற்றிலும் கிடைக்கும் விடை ஒன்றுதானா என்பதில் சென்னை மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. சேஷய்யா குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 800 கர்ப்பிணிகளுக்கு இரண்டு விதமாகவும் செய்து பார்த்து, முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். இயல்பான உடல் சாப்பாட்டையும் குளுக்கோஸையும் சேர்த்தே சமாளித்துவிடும், சர்க்கரைக் கோளாறு உள்ள உடலால்தான் முடியாது என்பது அவர்கள் வாதம். சென்னையின் மற்றொரு நீரிழிவு மருத்துவரான டாக்டர் வி. மோகனின் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முதலில் சாப்பிட்ட நிலையிலும், சில நாள் கழித்து வெறும் வயிற்றிலும் சோதனை செய்தார்கள். வெறும் வயிற்றுச் சோதனையில் நோய் தெரியவந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரைத்தான் சாப்பிட்ட நிலைச் சோதனை பிடித்தது, மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். அதற்கு அவர்கள் தரப்பில் சொல்லப்படும் விளக்கமும் பொருத்தமானதே. முன்னால் உண்ட உணவு கணையத்தை விழிக்கச் செய்துவிடுவதால், அடுத்து வரும் குளுக்கோஸ் வேகமாகக் கையாளப்பட்டு, எண் கொஞ்சம் தாழ்ந்து தெரியும். இந்த விளைவு உடலியலில் வெகுகாலமாக அறியப்பட்ட ஒன்று. அதே ஆய்வில், நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வதில் ஒற்றைச் சோதனை 97 சதவீதத்துக்கு மேல் தேறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்கான விடையில் பாதி கிடைத்துவிடுகிறது. ஒற்றைச் சோதனை ‘ஆம்’ என்று சொன்னால், ஆபத்துக் காரணிகள் உள்ள ஒரு பெண் அதைப் பெரும்பாலும் நம்பலாம். அது ‘இல்லை’ என்று சொன்னால், அவர் அதோடு கோப்பை மூடிவிடக் கூடாது. ‘ஆம்’ என்று தவறாகவே வந்திருந்தாலும், முதல் சிகிச்சை இரண்டு வாரத்துக்கு உணவுமுறையைச் சீராக்கிப் பார்ப்பதுதான். அதில் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. தவறான ‘இல்லை’ அப்படிப்பட்டதல்ல, எட்டாம் மாதம் வரை கவலையின்றி இருக்கச் செய்துவிடும். வீடுகளில் நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. 146 என்று வந்தால் ‘லேப் சரியில்லை’ என்று வேறு இடத்துக்கு ஓடுகிறோம். 134 என்று வந்தால் அன்று மாலையே ஜிலேபி வாங்குகிறோம்.

இரண்டாவது, மருத்துவர் எழுதித்தந்த மூன்று குத்தல் சோதனை. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எதுவும் உண்ணாமல் வந்து முதல் ரத்தம் கொடுத்து, அதே 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மீண்டும் ரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்பவை வரம்புகள். இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. ஒன்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ‘ஹாப்போ’ ஆய்விலிருந்து இந்த வரம்புகள் வந்தன. 2010-இல் நீரிழிவும் கர்ப்பமும் பற்றிய பன்னாட்டு ஆய்வுக் குழுக்களின் சங்கம் இவற்றை முன்வைத்தது, 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. தாயின் சர்க்கரை ஒவ்வொரு படி ஏறும்போதும் குழந்தையின் எடையும் பிற சிக்கல்களும் சேர்ந்தே ஏறின என்பதே அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. இந்த எண்ணுக்கு மேல் ஆபத்து, கீழே பத்திரம் என்று பிரித்துக் காட்டும் கோடு எதுவும் இயற்கையில் இல்லை. 92-உம் 153-உம் நிபுணர்கள் உட்கார்ந்து பேசி வைத்த எண்கள். அந்தப் பெரிய ஆய்வில் இந்திய மையம் ஒன்றுகூட இடம்பெறவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

மூன்று முறை எடுப்பதால் என்ன லாபம்? சிலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியிருக்கும், சிலருக்குச் சாப்பிட்ட பின் மட்டும் ஏறும். ஹாப்போவில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வெறும் வயிற்று அளவாலேயே பிடிபட்டார்கள். ஆனால் பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் அந்த விகிதம் நான்கில் ஒரு பங்கு அளவே இருந்தது. செலவைக் குறைக்க வெறும் வயிற்றில் மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுவது ஆசியப் பெண்களுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஒற்றைச் சோதனைக்கோ வெறும் வயிற்று அளவு கண்ணிலேயே படாது. மூன்று குத்தல் சோதனை இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது.

ஆனால் இந்தச் சோதனையின் நுட்பம் செய்கிற இடத்தின் ஒழுங்கைப் பொறுத்தது. குழாயில் எடுத்த ரத்தத்தை அப்படியே மேசையில் வைத்திருந்தால், ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் 94 என்று பிடிபட வேண்டியவர், ரத்தம் ஒரு மணி நேரம் காத்திருந்த காரணத்தால் 88 என்று தப்பிவிடுவார். வரம்பு 92 என்று இருக்கும்போது இந்த ஆறு புள்ளிகள்தான் சிகிச்சை கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கின்றன. சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாயில் எடுக்கிறார்களா, ரத்தம் அங்கேயே பரிசோதிக்கப்படுகிறதா, மாலை வண்டியில் வேறு ஊருக்குப் போகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து ‘நல்ல ரிசல்ட்’ வாங்க நினைப்பவர்கள் உண்டு. அது சோதனையையே கெடுத்துவிடும், வழக்கம்போல் சாப்பிட வேண்டும். குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்ற அச்சத்தில் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், சில நாட்களுக்குச் சர்க்கரை தானாகவே ஏறியிருக்கும். அந்த நாட்களில் செய்யும் எந்தச் சோதனைக்கும் பொருள் இல்லை.

அமெரிக்காவில் வழக்கமாக உள்ள இரண்டு கட்டச் சோதனையையும் சில தனியார் மருத்துவமனைகள் இங்கே பின்பற்றுகின்றன. முதலில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரு மணி நேரத்தில் ஒரு குத்தல். அது கூடுதலாக இருந்தால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் 100 கிராம் கொடுத்து மூன்று மணி நேரத்தில் நான்கு குத்தல்கள். அங்கே 2021-இல் 23,792 கர்ப்பிணிகளை வைத்து வெளியான ஒப்பீட்டில், 75 கிராம் முறை 16.5 சதவீதம் பேருக்கும் இரண்டு கட்ட முறை 8.5 சதவீதம் பேருக்கும் நோய் என்று சொன்னது. ஆயினும் பெரிய குழந்தை, சிசேரியன், ரத்த அழுத்தம் போன்ற முடிவுகளில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மூன்று குத்தல் முறை தேவைக்கு மேல் பலருக்கு முத்திரை குத்துகிறது என்று சொல்பவர்கள் கையில் உள்ள வலுவான சான்று இது, இதை அலட்சியப்படுத்த முடியாது. ‘சர்க்கரை’ என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தால், மாமியார் சோற்றுப் பானையை மூடிவிடுவதும், கர்ப்பிணி பசியோடு படுப்பதும் நடக்கின்றன. இருந்தாலும், ஆபத்துக் காரணிகள் ஏதும் இல்லாதவர்களையும் சேர்த்து எடுத்த அந்தச் சராசரியை, நாம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. இரண்டு கட்டம் என்பது இரண்டு வருகை. இரண்டாவது வருகைக்குள் நம் ஊரில் பல வாரங்கள் ஓடிவிடும் என்பதால், நான் இதை நம் சூழலுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, பரிசோதனை நிலைய ஊழியர் சொன்ன மூன்று மாதச் சராசரி, அதாவது கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. பசியோடு காத்திருக்க வேண்டாம், குளுக்கோஸ் குடித்துக் குமட்ட வேண்டாம், எந்த நேரமும் எடுக்கலாம் என்பதால் இது கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் இந்த எண் இயல்பாகவே தாழ்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் உயர்ந்துவிடும். இரும்பு மாத்திரையோ ஊசியோ தொடங்கினால் மறுபடி இறங்கும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை உள்ளது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, 24-ஆம் வாரத்தில் இந்த எண்ணை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. ஒரே ஒரு இடத்தில் இதற்கு மதிப்பு உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்து 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால், அந்தப் பெண்ணுக்குக் கருவுறும் முன்பே, தெரியாமலேயே, சர்க்கரை நோய் இருந்திருக்கிறது என்று பொருள். அவருடைய நிலை வேறு, அவசரமும் வேறு. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் வாரங்களிலேயே சர்க்கரை கூடியிருந்திருக்கும் என்பதால், 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் இவற்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

எனவே, முதல் பிரசவத்தில் நான்கு கிலோ குழந்தையைப் பெற்ற அந்தப் பெண்ணுக்கு என் பரிந்துரை இது. பத்தாவது, பன்னிரண்டாவது வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் எடுத்து, பழைய சர்க்கரை நோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளட்டும். ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களுக்கு 20 வாரத்துக்குள்ளேயே கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டு சிகிச்சை தொடங்குவதால், பிறக்கும் குழந்தைக்கு ஏற்படும் சிக்கல்கள் ஓரளவு குறைகின்றன என்று 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியிருப்பதால், முதல் வருகையிலேயே செவிலியர் தரும் ஒற்றைச் சோதனையையும் தட்டாமல் செய்துகொள்ளட்டும். அது இலவசம், அன்றைக்கே முடிந்துவிடும். அதில் 140-ஐத் தொட்டால் வேறு சோதனைக்கு அலையாமல் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். தொடவில்லையென்றால், 24 முதல் 28 வாரத்துக்குள் மூன்று குத்தல் சோதனையை ஒரு முறை செய்துகொள்ள வேண்டும். சில நூறு ரூபாயும் ஒரு காலைப் பொழுதும் அதற்குச் செலவாகும். நல்ல பரிசோதனை நிலையம் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலோ, வெறும் வயிற்றில் மயக்கம் வந்தாலோ, துணைக்கு ஆள் இல்லாவிட்டாலோ, அதை எதிர்பார்த்துக் காலத்தைக் கடத்துவதைவிட அந்த வாரச் செவ்வாய்க்கிழமையே ஒற்றைச் சோதனையைத் திரும்பச் செய்வது மேல். 27-ஆம் வாரத்தில் செய்த சாதாரணச் சோதனை, 34-ஆம் வாரத்தில் செய்யப்போகும் உயர்ந்த சோதனையைவிடப் பயனுள்ளது. ஆபத்துக் காரணி ஏதும் இல்லாத 22 வயதுப் பெண்ணாக இருந்தால், அரசு வழிகாட்டுதல்படி இரண்டு முறை ஒற்றைச் சோதனை செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

பிரசவம் முடிந்த பிறகும் இன்னொரு சோதனை இருக்கிறது, அதற்குத்தான் யாரும் வருவதில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவருக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகம். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 126-உம் 200-உம் இங்கே வரம்புகள். இரண்டு மணி அளவு 140-க்கும் 199-க்கும் இடையில் இருந்தால் எல்லையில் நிற்கிறார் என்று பொருள். எச்பிஏ1சி இங்கேயும் உதவாது, பிரசவத்தில் ரத்தம் இழந்த உடலில் அந்த எண் இன்னும் குழம்பியிருக்கும். ஆறாவது வாரம் என்பது குழந்தைக்கு முதல் பென்டாவேலன்ட் ஊசி போடும் வாரமும்தான். அந்தப் புதன்கிழமை தாய் எப்படியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வரத்தான் போகிறார். முதல் நாளே செவிலியரிடம் சொல்லிவைத்துவிட்டு, காலை இட்லியை டப்பாவில் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தால், குழந்தைக்கு ஊசி போட்டு, பாலும் கொடுத்துத் தூங்கவைப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் கழிந்துவிடும்.